ஒன்பதை அழுத்தினால் கதவு திறக்கும்

காலை பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. நான் போயிருந்த வீட்டில், கூடத்துச் சாய்வு நாற்காலியில் இருந்த அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப வந்திடும்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் வாசலில் சாவி திரும்பும் சத்தம். பராமரிப்புப் பெண் உள்ளே வந்து, பனிக் காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "வணக்கம் அம்மா" என்றார். பிலிப்பைன்ஸ்காரர். அந்த ஒரு வார்த்தையை இந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டாராம்.

இதில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். இது டொராண்டோவின் கிழக்கே, ஸ்கார்பரோவில், பதினோராம் மாடி. கீழே கண்ணாடிக் கதவு பூட்டியிருக்கும். காவலாளி கிடையாது. வருகிறவர் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் பலகையில் வீட்டுக்குரிய எண்ணைத் தட்ட வேண்டும். மேலே டெலிபோன் அடிக்கும். எடுத்துப் பேசி, 9-ஐ அழுத்தினால்தான் கீழே கதவு திறக்கும். அன்றைக்கு டெலிபோன் அடிக்கவே இல்லை. அம்மா நாற்காலியைவிட்டு எழவே இல்லை. ஆனாலும் கீழ்க்கதவு திறந்தது, அந்தப் பெண்ணுக்காக, அந்த நேரத்துக்கு மட்டும்.

அம்மாவுக்கு 78 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வாக்கரைப் பிடித்து எழுந்து, கம்பளத்தின் ஓரம் தடுக்காமல் திரும்பி, சமையலறைச் சுவரில் இருக்கும் டெலிபோனுக்குப் போய்ச் சேர்வதற்குள் மணி நின்றுவிடும். "நான் எழும்பிப் போறதுக்குள்ள அந்தப் பிள்ளை போயிடும். பிறகு அதுக்கும் அலைச்சல், எனக்கும் அண்டைக்குக் குளிப்பு இல்லை" என்று பழைய கதையைச் சொன்னார். கைபேசியைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். வைத்திருந்தாராம். கண்ணாடி போடாமல் திரையில் 9 எங்கே இருக்கிறதென்று தெரியாமல், இரண்டு முறை அழைப்பையே துண்டித்துவிட்டாராம். ஒருநாள் மணிச் சத்தத்துக்கு அவசரமாக எழுந்ததில் வாக்கர் சரிந்து, இடுப்பில் அடி. அதற்குப் பிறகுதான் பேரன் இதில் இறங்கினான்.

வீட்டுச் சாவிக்கு நகல் போட்டு, பராமரிப்பு நிறுவனத்திடம் கொடுத்துவிடலாம், கொடுத்திருக்கிறார்கள். லாபிக் கதவைத் திறக்கும் ஃபாப் என்ற மின்னணுச் சாவி அப்படி இல்லை. வீட்டுக்கு இரண்டுதான் என்று நிர்வாக அலுவலகம் கணக்கு வைத்திருக்கிறது. ஒன்று அம்மாவிடம், ஒன்று மகளிடம். ஆகவே, எல்லாச் சிக்கலும் அந்தக் கண்ணாடிக் கதவிலேயே வந்து நின்றது.

1983-க்குப் பிறகு டொராண்டோவுக்கு வந்து சேர்ந்த ஈழத் தமிழர்களில் பலருக்கு முதல் முகவரி நகர நடுவில் இருக்கும் செயின்ட் ஜேம்ஸ் டவுன். 1960-களில் எழுந்த உயரக் கட்டடங்களின் கூட்டம். பிறகு மெல்ல மெல்ல ஸ்கார்பரோவுக்கு நகர்ந்தார்கள். அங்கேயும் பலருக்கு அடுக்குமாடி வாழ்க்கைதான். ஊரில் படலைக்கு முன்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். இங்கே பலகையில் பெயரைத் தேடி எடுக்க வேண்டும். அந்தத் தலைமுறை இன்று எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருக்கிறது. படிக்கட்டும் பனியும் அவர்களுக்குக் கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். கதவு திறப்பது கஷ்டம் என்பது வீட்டுக்குள் இருப்பவர்களுக்கே தாமதமாகத்தான் தெரிகிறது.

பேரனுக்குப் பதினேழு வயது. கட்டடத்தில் ஒரு திருகாணியைக்கூட அவன் தொடவில்லை. தொட வேண்டிய தேவையே இல்லை என்பதைப் புரிந்துகொண்டதுதான் அவன் கெட்டிக்காரத்தனம்.

அந்தப் பலகை உண்மையில் ஒரு டெலிபோன். அதற்கென்று ஒரு லைன் இருக்கிறது. நாம் வீட்டு எண்ணைத் தட்டியதும், அதற்கு எதிரே பதிந்து வைத்திருக்கும் டெலிபோன் எண்ணை அது சுழற்றும். மறுமுனையில் எடுத்தவர் 9-ஐ அழுத்தும்போது ஒரு சத்தம் போகிறது அல்லவா, அது ஒரு சத்தம் அல்ல, இரண்டு. 852 ஹெர்ட்ஸில் ஒன்று, 1477 ஹெர்ட்ஸில் ஒன்று, இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். மனிதக் குரலோ தெருச் சத்தமோ தற்செயலாக அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் சுத்தமாக எழுப்புவது அரிது என்பதால்தான் இப்படி இரட்டையாக வைத்தார்கள். அமெரிக்காவின் பெல் டெலிபோன் நிறுவனம் 1963 நவம்பரில் பொத்தான் டெலிபோனைப் பொதுமக்களுக்குக் கொண்டுவந்தபோது வந்த ஏற்பாடு இது. அறுபது வருடமாக மாறவில்லை. பலகை அந்த இரட்டை ஒலியைக் கேட்டதும் உள்ளே ரிலே என்ற ஒரு மின் சுவிட்சை மூடும். ரிலே கதவுச் சட்டத்தில் இருக்கும் மின்பூட்டுக்கு மின்சாரம் விடும். பூட்டின் நாக்கு தளரும்.

ஆக, கதவைத் திறக்கத் தேவை, டெலிபோனை எடுத்து இந்த இரண்டு ஒலியையும் ஊத ஒருவர். அந்த ஒருவர் ஆளாகத்தான் இருக்க வேண்டுமா?

இணைய டெலிபோன் நிறுவனங்கள் சின்ன மாத வாடகைக்கு ஓர் எண்ணைத் தருகின்றன. அந்த எண்ணுக்கு அழைப்பு வந்தால் என்ன செய்வது என்று நாமே விதி எழுதி வைக்கலாம். பேரன் அப்படி ஓர் எண்ணை வாங்கினான். நிர்வாக அலுவலகத்தில் ஒரு தாளை நிரப்பிக் கொடுத்து, பலகையில் அம்மா வீட்டுக்கு எதிரே இருந்த பழைய எண்ணை மாற்றச் சொன்னான். வாடகைக்காரர்கள் எண் மாற்றுவது அலுவலகத்துக்குத் தினசரி வேலை. ஆனாலும் எதற்காக என்று மகள் ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான் கட்டடத்தில் நடந்த மாற்றம்.

விதி இதுதான். வார நாள்களில் 9.40 முதல் 10.20 வரை அழைப்பு வந்தால், அதுவும் அந்தப் பலகையின் எண்ணிலிருந்து வந்தால் மட்டும், தானாக எடுத்து 9-ஐ ஊது. மற்ற நேரங்களில் அம்மாவின் கைபேசி, மகளின் கைபேசி இரண்டையும் ஒரே சமயத்தில் அடிக்கச் செய். முதலில் எடுப்பவர் பேசித் தீர்மானிக்கட்டும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மகளுக்கு ஒரு குறுஞ்செய்தி போகட்டும்.

முதல் நாள் அது வேலை செய்யவில்லை. எடுத்த மறுகணமே ஒலியை ஊதிவிட்டது. பலகை அப்போது கேட்கும் நிலைக்கே வந்திருக்கவில்லை. எடுத்த பிறகு ஒரு விநாடி மௌனம், பிறகு சற்று நீண்ட ஒலி என்று மாற்றியதும் சரியானது. அந்த ஒரு விநாடியில் என்ன வைப்பது என்ற யோசனை வந்தபோது அம்மாவே சொன்னாராம், "வாறவைக்கு ஒண்டும் சொல்லாமல் கதவைத் திறக்கிறது மரியாதை இல்லை." ஆகவே, இப்போது கீழே லாபியில் முதலில் அம்மாவின் குரல் கேட்கும். "வாங்கோ, கதவு திறக்குது." அதன் பின் அந்த ஒலி. நான் கீழே இறங்கி, பலகை முன் நின்று, அதைக் கேட்டேன். பழைய ஒலிபெருக்கி, கரகரப்பு. ஆனாலும் குரல் அவருடையதுதான். பராமரிப்புப் பெண்ணுக்கு "வாங்கோ" என்பதன் பொருள் யாரும் சொல்லித் தராமலே புரிந்துவிட்டது.

எல்லா ஊரிலும் கீழே நிற்பது டெலிபோனாக இருப்பதில்லை. லண்டன் ஈஸ்ட்ஹாமில் என் தம்பி வாடகைக்கு இருப்பது ஒரு காலத்தில் உள்ளாட்சி மன்றம் கட்டிய குடியிருப்பு. மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. வீட்டுக்குள் வாசலருகே சுவரில் ஒரு வெள்ளை இன்டர்காம் பெட்டி, அதன் நடுவில் சாவிப் படம் போட்ட ஒரு பொத்தான். அதிலிருந்து கம்பிகள் சுவருக்குள் போய்க் கீழ்ப் பலகையில் சேர்கின்றன. இங்கே வேறு எண் மாற்றிக் கொடுக்க வழியில்லை. கம்பியோடுதான் பேச வேண்டும்.

வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகு, ஒரு சனிக்கிழமை அந்தப் பெட்டியின் மூடியைத் திறந்தோம். உள்ளே ஐந்து திருகுமுனைகள், ஐந்து நிறத்தில் ஐந்து கம்பிகள். பழைய முறை இது. நான்கு கம்பிகள் எல்லா வீட்டுக்கும் பொது: பேச ஒன்று, கேட்க ஒன்று, கதவுக்கு ஒன்று, பொதுமுனை ஒன்று. ஐந்தாவது அந்த வீட்டுக்கு மட்டுமேயான அழைப்புக் கம்பி. கீழே பொத்தானை அழுத்தினால் அந்த ஐந்தாவதில்தான் மின்னழுத்தம் வரும். ஓடுவது பெரும்பாலும் 12 வோல்ட்டை ஒட்டிய தாழ் மின்சாரம். சாவிப் பொத்தான் செய்வது ஒன்றே ஒன்று: கதவுக் கம்பியையும் பொதுமுனையையும் தொடவைக்கும்.

பொத்தான் செய்யும் அந்த வேலையையே ஒரு ரிலேயும் செய்யும். பொத்தானுக்கு இணையாக அந்த இரண்டு திருகுமுனைகளில் ரிலேயின் இரண்டு முனைகளைச் செருகிவிட்டால், பழைய பொத்தானும் வேலை செய்யும், புதியதும் வேலை செய்யும். இருக்கிற கம்பி எதையும் வெட்ட வேண்டாம். பிடிக்காவிட்டால் கழற்றி எடுத்தால் சுவர் பழைய சுவர்தான். வாடகை வீட்டில் இருப்பவருக்கு இது பெரிய ஆறுதல். மணி அடிப்பதை உணர்வதற்கு ஆப்டோகப்ளர் என்று ஒரு சின்னச் சில்லு. அதன் ஒரு பக்கம் ஒரு குட்டி விளக்கு, மறுபக்கம் வெளிச்சத்தைப் பார்க்கும் கண். அழைப்புக் கம்பியில் மின்சாரம் வந்தால் விளக்கு எரியும், கண் பார்க்கும். கட்டடத்தின் கம்பிக்கும் நம் கருவிக்கும் நடுவே வெளிச்சம் மட்டும்தான் போய்வருகிறது, மின்சாரம் தாண்டாது. இரண்டையும் இணைத்து வைஃபையில் சேர்ப்பது இஎஸ்பி32 என்ற கட்டைவிரல் அளவுச் சில்லு. ஷாங்காய் நிறுவனமான எஸ்ப்ரெஸ்ஸிஃப் 2016-இல் கொண்டுவந்தது. வீட்டில் கைவேலை செய்கிறவர்களின் மேசையில் இன்று அது இல்லாமல் இல்லை.

தம்பி அன்று மாலை கைபேசியில் தட்டினான். மூன்று மாடிக்குக் கீழே கதவு "ர்ர்ர்" என்றது. மாறுமின்சாரம் பூட்டின் சுருளை உதறுகிற சத்தம் அது.

இரண்டாம் நாள் இரவு ஒரு தப்பு நடந்தது. வைஃபை துண்டித்துப் போய், சில்லு திகைத்து நின்றது; ரிலே மூடியபடியே நின்றுவிட்டது. கீழே கதவு நிறுத்தாமல் உறுமிக்கொண்டே இருந்தது. யார் தள்ளினாலும் திறக்கும். தரைத்தளத்தில் இருக்கும் பெரியவர் ஒருவர், நள்ளிரவில் மூன்று மாடி ஏறி வந்து கதவைத் தட்டினார். திட்டவில்லை. "கீழே கதவு திறந்து கிடக்கிறது, எனக்குத் தூக்கம் வரவில்லை" என்று மட்டும் சொன்னார். தம்பிக்கு முகம் செத்துவிட்டது. மறுநாள், எது எப்படிப் போனாலும் மூன்று விநாடிக்கு மேல் தானாகவே விட்டுவிடும் வகை ரிலேயை வாங்கிப் போட்டான். மென்பொருளை நம்பி விட்டதுதான் தப்பு. நேரக் கட்டுப்பாடு கருவியிலேயே இருக்க வேண்டும்.

அந்தப் பெரியவர் படியேறி வந்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நம் வீட்டுக் கதவு நம்முடையது. கீழ்க்கதவு எல்லாருடையதும். அதைத் திறக்கும் உரிமையைத்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்திருக்கிறார்கள். திறந்து போடும் உரிமையை அல்ல. லண்டனில் பல பலகைகளில் 'டிரேட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். தபால்காரருக்கும் பால்காரருக்கும் என்று வைத்தது. காலையில் குறிப்பிட்ட சில மணி நேரத்துக்கு யார் அழுத்தினாலும் திறக்கும். யார் அழுத்தினாலும் என்பதுதான் அதன் குறை. பொட்டலம் திருடுகிறவருக்கும் அது திறந்தது. பல கட்டடங்களில் அந்தப் பொத்தானின் இணைப்பையே எடுத்துவிட்டார்கள். மணி அடித்தால் போதும், கதவு திறக்கட்டும் என்று வீட்டுக்குள் நாம் விதி எழுதினால், அதே பொத்தானைத்தான் மறுபடி நிறுவுகிறோம். ஸ்கார்பரோப் பேரன் நாற்பது நிமிடம் என்று வேலி போட்டது அதனால்தான் எனக்குப் பிடித்தது. அந்த நாற்பது நிமிடத்தில் வேறொருவர் அதே எண்ணைத் தட்டினாலும் கதவு திறக்கும் என்பது அவனுக்கும் தெரியும். பராமரிப்புப் பெண் வந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்ததும் அன்றைய நேரத்தை மூடிவிட வேண்டும், ஒரு முறைக்கு மேல் திறக்கக் கூடாது என்று நான் சொன்னேன். அன்றிரவே அதையும் சேர்த்துவிட்டான்.

புதிய கட்டடங்கள் பலவற்றில் ஐந்து கம்பி கிடையாது. எல்லா வீட்டுக்கும் சேர்த்து இரண்டே கம்பி. அதில் மின்சாரமும் பேச்சும் கட்டளையும் ஒன்றாக ஓடும். அங்கே சாவிப் பொத்தான் எதையும் தொடவைப்பதில்லை, ஒரு செய்தியை அனுப்புகிறது. தெரியாமல் அந்த இரண்டு கம்பியை ஒன்றோடொன்று தொடவைத்தால் கட்டடம் முழுக்க மணி ஊமையாகிவிடலாம். கைவேலைக்கு அது இடமல்ல. ஐரோப்பாவில் அதற்கென்றே கருவிகள் வந்திருக்கின்றன. ஆஸ்திரிய நிறுவனமான நுகியின் ஓப்பனர் ஒன்று, 2022-இல் வந்த ரிங் இன்டர்காம் ஒன்று. இரண்டும் இன்டர்காம் பெட்டியின் திருகுமுனைகளில்தான் சேர்கின்றன. எந்தப் பெட்டிக்கு எந்தக் கம்பி என்று செயலியே காட்டித் தரும். வாங்குமுன் உங்கள் பெட்டியின் மாதிரி எண் அவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

மூடியையே திறக்க அனுமதி இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஸ்விட்ச்பாட் என்று தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டி. பொத்தானுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடலாம். கைபேசியில் சொன்னால் அதிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டு பொத்தானை அழுத்தும். பார்க்க விளையாட்டாக இருக்கும். நான் அதைக் குறைவாக நினைக்கவில்லை. படுக்கையில் இருந்தபடி சுவரில் இருக்கும் பொத்தானை எட்ட வேண்டிய ஒருவருக்கு, அந்தச் சின்னக் கை அவருடைய கைதான்.

இதற்கு நேர்மாறாக, மேலிருந்து வந்த ஒரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் 1968-க்குப் பிறகு கட்டிய, எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டடங்களில் இன்டர்காம் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அதே நகரில், மன்ஹாட்டனின் ஹெல்ஸ் கிச்சன் பகுதியில், 2018-இல் ஒரு கட்டடத்தின் சொந்தக்காரர்கள் லாபிக் கதவுக்குக் கைபேசிச் செயலியால் திறக்கும் பூட்டைப் போட்டார்கள். அங்கே குடியிருந்தவர்களில் 93 வயதுப் பெரியவரும் ஒருவர். குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2019 மே மாதம் சமரசமாகி, கேட்டவர்களுக்குச் சாதாரணச் சாவி கிடைத்தது. அதே காலத்தில் புரூக்ளினில், அட்லாண்டிக் பிளாசா டவர்ஸ் என்ற எழுநூறு வீடுகளுக்கு மேலுள்ள குடியிருப்பில், முகத்தைப் பார்த்துக் கதவைத் திறக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவர முயன்றார்கள். குடியிருந்தவர்கள், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள், வீடு வீடாகப் போய்க் கையெழுத்துத் திரட்டி எதிர்த்தார்கள். 2019 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. யார் எப்போது வந்தார் போனார் என்று கதவு திரட்டும் தகவலை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதற்கு 2021-இல் நியூயார்க் நகரம் தனிச் சட்டமே போட்டது.

ஸ்கார்பரோவிலும் ஹெல்ஸ் கிச்சனிலும் தானியங்கிக் கதவுதான். ஆனால் ஹெல்ஸ் கிச்சனில் பழைய வழியை எடுத்துவிட்டுப் புதிய வழியை வைத்தார்கள். ஸ்கார்பரோவில் பழைய வழி அப்படியே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி கூடியிருக்கிறது. அம்மாவுக்கு நாளைக்கு இந்தச் சேவை பிடிக்காவிட்டால், அலுவலகத்தில் பழைய எண்ணைத் திரும்பக் கொடுத்தால் போதும். கம்பி மாற்றாமல் செய்வதில் செலவு மிச்சம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது, திரும்பி வர வழி இருக்கிறது என்பது.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். ஒன்டாரியோவின் 2006-ஆம் ஆண்டுக் குடியிருப்பு வாடகைச் சட்டப்படி, கட்டடத்துக்குள் நுழையும் கதவின் பூட்டமைப்பை வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் வாடகைக்காரர் மாற்றக் கூடாது. வீட்டுக்காரர் மாற்றினால் வாடகைக்காரருக்குப் புதுச் சாவி கொடுத்தாக வேண்டும். பலகையில் எண் மாற்றுவது பூட்டை மாற்றுவது ஆகாது என்று நீங்கள் நினைக்கலாம். என்றாலும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஸ்கார்பரோ மகள் எழுதிய கடிதம் நான்கே வரி. அம்மாவின் வயது, முழங்கால், பராமரிப்புப் பெண் வரும் நேரம், என்ன செய்யப்போகிறோம் என்பது. அலுவலகம் மறுக்கவில்லை.

சென்னையில் இந்த வேலையை வாட்ச்மேன் செய்கிறார். பெரிய குடியிருப்புகளில் அவர் கையில் இப்போது செயலி இருக்கிறது. பெங்களூரில் 2016-இல் தொடங்கிய மைகேட் போன்றவை, வந்தவர் பெயரை நம் கைபேசிக்கு அனுப்பிச் சம்மதம் கேட்கின்றன. அங்கும் தனியாக இருக்கும் தாத்தா பாட்டியின் கைபேசிதான் அடிக்கிறது. அவர்கள்தான் கண்ணாடியைத் தேடுகிறார்கள். அந்த அறிவிப்பு அவர்களோடு மகளுக்கோ மகனுக்கோ சேர்ந்து போகும்படி வைக்கலாம். ஐந்து நிமிட வேலை. பல வீடுகளில் யாரும் செய்து கொடுக்கவில்லை.

கிளம்பும்போது அம்மா வாசல் வரை வரப் பார்த்தார். வேண்டாம் என்றேன். "எழும்பினால்தானே கால் பழகும். மணி அடிச்சு எழும்பிறதுதான் பயம்" என்று சொல்லிக்கொண்டே, அவசரம் இல்லாமல், வாக்கரைப் பிடித்து நடந்து வந்தார்.

அடுத்த முறை பெற்றோர் வீட்டுக்குப் போகும்போது, அவர்கள் உட்காரும் நாற்காலியிலிருந்து மணி அடிக்கும் இடம் வரை அவர்கள் நடையிலேயே ஒருமுறை நடந்து பாருங்கள். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் மணி நின்றுவிட்டால், அந்த வாரமே நிர்வாக அலுவலகத்துக்கு நான்கு வரி எழுதுங்கள்.